பஸ் டிரைவர் சாமுவேலின் ஞானஸ்நானம்

முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லிக் கேட்டால் இன்னும் அதிகமாகச் சிரிப்பீர்கள். குடும்ப வரலாறு தேடித் தரும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பட்டாளத்துச் சிப்பாயின் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் நடந்திருப்பதைப் பதிவேட்டில் பார்த்தேன். உடனே அந்தச் சிப்பாயின் கொள்ளுப்பேத்தியிடம் ஓடிப்போய், அவருடைய கொள்ளுப்பாட்டிக்கு ஒரே பிரசவத்தில் ஐந்து குழந்தைகள் என்று சொல்லி வாழ்த்தும் தெரிவித்தேன். அந்த அம்மா முகம் மாறாமல், ஐந்தும் பிழைத்தனவா என்று கேட்டார். ஐந்தும் சுகம் என்றேன், ஏதோ நானே மருத்துவச்சியாகப் பக்கத்தில் நின்ற மாதிரி. வெளியே வரும்போதுதான் வாசல் பலகையைப் படித்தேன். பிரசவம் பார்க்கும் டாக்டர்.

பட்டாளம் முகாம் போட்ட ஊரில் பிள்ளை பிறக்கும். பாதிரியார் அந்தப் பக்கம் எப்போது வருகிறாரோ அப்போதுதான் ஞானஸ்நானம். நடக்கிற பிள்ளை, தவழ்கிற பிள்ளை, இடுப்பில் இருக்கிற பிள்ளை எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு அவர் அடுத்த முகாமுக்குப் போய்விடுவார். உங்களில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குக்கூட இது தெரியும். எனக்கு அன்று தெரியவில்லை.

இந்தக் கதையை நான் போகிற இடத்தில் எல்லாம் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கிற சத்தத்தில் இன்னொரு கதையைச் சொல்லாமல் நழுவிவிடலாம். இன்று நழுவப்போவதில்லை. லேப்டாப்பும் கையுமாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த இன்னொன்றைத்தான்.

ஓய்வு பெறப்போகிற வருடம். வேலையைக் குறைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்குக் குடிவந்திருந்தேன். ஒரு நாள் காலையில் ஜெயந்தி என்கிற பெண் போன் செய்தார். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்கு சூப்பர்வைசர். அந்தக் கம்பெனிக்கு வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவருக்கு, அவருடைய பாட்டனாரின் பாட்டனார் பரங்கிமலையில் ஞானஸ்நானம் பெற்ற பதிவை நான் தேடி எடுத்துக் கொடுத்திருந்தேன். அவர் அதைச் சட்டம் போட்டு மேஜையில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டியிருக்கிறார். அப்படித்தான் என் நம்பர் ஜெயந்திக்குக் கிடைத்தது.

"சார், எங்க அப்பா ராத்திரி தவறிட்டாரு. அவங்கம்மா பக்கத்துல போடச் சொல்லிட்டுப் போயிருக்காரு. அங்க எடம் தர மாட்டேங்கறாங்க."

அழுகை இல்லை. லைனில் எந்த மெஷின் நின்றுவிட்டது என்று சொல்கிற குரல். அந்தக் குரல்தான் என்னைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப வைத்தது.

அப்பா சாமுவேல், கம்பெனி பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா ஜோசப் பட்டாளத்துச் சிப்பாய், அம்மா கிரேஸ். கிரேஸ் அடக்கமாகியிருப்பது பல்லாவரம் பக்கம் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில். சாமுவேல் மண்ணூரில் ஓர் இந்து விவசாயக் குடும்பத்தில் பெண் எடுத்து, மாமனார் ஊரிலேயே தங்கிவிட்டார். சர்ச் பக்கம் போனதில்லை. எந்தச் சபையின் அங்கத்தினர் ஏட்டிலும் அவர் பெயர் கிடையாது. ஆனால் வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்கு மட்டும் பஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டு, அம்மாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு வருவார்.

கல்லறைத் தோட்டத்துக் கமிட்டியின் செயலாளர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். விதி என்றால் விதி. தாயின் குழியில் பிள்ளையை வைக்கலாம், பிள்ளை ஞானஸ்நானம் பெற்றவர் என்பதற்குப் பதிவு காட்டினால். அவரைக் குறை சொல்லவும் முடியாது. யாரோ ஒரு குடும்பத்துக் கல்லறையை வேறொரு குடும்பம் தங்களுடையது என்று சொல்லித் திறந்து, அது போலீஸ் வரைக்கும் போய், இவர் ஸ்டேஷன் படி ஏறி இறங்கியிருக்கிறார். பொழுது சாய்ந்தால் மண் தள்ள மாட்டோம் என்பதையும் சொல்லிவிட்டார்.

மண்ணூர் வீட்டில் இன்னொரு கெடு காத்திருந்தது. ஜெயந்தியின் தாய்மாமன் ஏகாம்பரம், நிலத்தைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு வேன் ஓட்டுகிறவர், வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். வெட்டியானுக்குச் சொல்லியாகிவிட்டது, கட்டை அடுக்கியாகிவிட்டது, உச்சிப்பொழுது வரைக்கும் பார்ப்பார், அதற்கப்புறம் மச்சானை ஊர் சுடுகாட்டுக்கு எடுத்துவிடுவார். கெட்ட மனிதர் இல்லை. உறவுக்காரர் உடம்பைப் போட்டுவைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போன் பேசிக்கொண்டிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"எங்க மச்சான் எங்க கூடவே இருந்துக்கினு, எங்க கஞ்சியக் குடிச்சிக்கினு, இப்ப எவன்கிட்டயோ போயி எடம் கேட்டுக்கினு நிக்கணுமா? நீயே சொல்லு சார்."

ஜெயந்தி ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரவு ஷிப்ட் முடித்து யூனிபாரத்தோடு வந்த பெண்கள் அவரைச் சுற்றி இருந்தார்கள். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். வெள்ளைக்காரனுக்கு நூற்றைம்பது வருடத்துப் பாட்டனைத் தோண்டி எடுத்துக் கொடுத்த மனிதருக்கு இது ஒரு வேலையா என்கிற நம்பிக்கை. அந்த நம்பிக்கை என் தலைக்கு ஏறியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கே பிறந்தார் என்று கேட்டேன். பெங்களூர் என்று அப்பா சொல்வார் என்றார் ஜெயந்தி. வயது எழுபத்தெட்டு. ஜோசப்பின் பட்டாளத்துக்குத் தலைமையிடமும் பெங்களூர்தான். அங்கே கன்டோன்மென்ட் பக்கத்து சர்ச் ஒன்றில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மா எனக்குப் பல வருடப் பழக்கம். விஷயத்தைச் சொன்னேன். தேடிப் பார்க்கிறேன் என்றார்.

அந்த நேரம் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். ஏகாம்பரம் நிழல் நகர்கிறதா என்று வாசலில் நின்று பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். நான் போனைப் பார்ப்பேன். சாவு மேளக்காரர்கள் பொறுமை இழந்து மேளத் தோலைச் சூடு காட்டித் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தம் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஜெயந்தியின் தோள் லேசாகத் தூக்கிப் போட்டது.

போன் சிணுங்கியது. பதிவேட்டுப் பக்கத்தின் படம். பிள்ளை சாமுவேல், தகப்பன் ஜோசப், தாய் கிரேஸ், தகப்பன் இருந்த பட்டாளத்தின் பெயர் அச்சு அசலாக. ஒரு துள்ளல் துள்ளினேன், சாவு வீட்டில். பிறகு சமாளித்துக்கொண்டு செயலாளருக்கு அனுப்பினேன். அவரிடமிருந்து ஒரே வரி வந்தது, குழி திறக்கச் சொல்லிவிட்டதாக.

ஜெயந்தி அப்போதுதான் அழுதார். ஷிப்ட் பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஏகாம்பரம் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, கட்டையைத் திருப்பி எடுத்துப்போகச் சொல்லிவிட்டு, தன் வேனையே கொண்டுவந்து நிறுத்தினார். எனக்கு யாரோ டீ கொடுத்தார்கள். யாரோ நாற்காலி போட்டார்கள். நானும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். இந்தத் தொழிலில் யாராவது உங்களுக்கு நாற்காலி போட்டால், உட்காருவதற்கு முன்னால் அந்தப் படத்தை இன்னொரு தடவை பாருங்கள்.

பூந்தமல்லி வழியாகப் போயிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம். ஆனால் சாமுவேல் இத்தனை வருடம் பஸ் ஓட்டிய சாலை ஒரகடம் சாலை. கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்தில் பழைய டிரைவர்கள் மாலையோடு காத்திருந்தார்கள். வண்டியை நிறுத்தி, மாலை போட்டு, ஒருவர் தன் பஸ்ஸின் ஹாரனை நீளமாக அடித்தார். அதற்குள் ஷிப்ட் மாறுகிற நேரம் ஆகிவிட்டது. கன்டெய்னர் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவில் எங்கள் வேன் அசையாமல் நின்றது. முன்னால், ஏகாம்பரம் ஓட்டுவதற்கு அமர்த்திய டிரைவர் பையனுக்குப் பக்கத்தில் ஜெயந்தி. பின்னால் உடம்போடு நானும் ஏகாம்பரமும்.

சும்மா இருக்க முடியாமல் ஏகாம்பரம் மச்சானைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இந்த மனிதருக்கு ஒரே பெருமைதான் உண்டாம். இவருடைய அப்பா சண்டைக்குப் போய் ரெண்டு விரல் போய் வந்தவர். அந்தக் கையாலேயே இவரைத் தூக்கிப் பிடித்துத் தலையில் தண்ணீர் ஊற்ற வைத்தாராம். இதைச் சொல்லாமல் மச்சான் ஒரு பொங்கலுக்கும் சாப்பிட்டது கிடையாது என்றார்.

நான் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன். பிறகு தலையாட்டுவது நின்றது.

சண்டையிலிருந்து திரும்பிய பிறகு. விரல் போன பிறகு.

போனை எடுத்தேன். படத்தைப் பெரிதாக்கினேன். அந்தப் பதிவில் இருந்த வருடம் இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தியது. எழுபத்தெட்டு வயது என்று ஜெயந்தி சொன்னபோதே கணக்கு உதைத்திருக்க வேண்டும். உதைத்தது. ஆனால் வீட்டில் சொல்கிற வயதை நம்பாதே என்பது நம் தொழிலில் முதல் பாடம் இல்லையா? அதை நானே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பாடத்தை எடுத்து என் கண்ணை நானே கட்டிக்கொண்டேன். மூன்று பெயர் பொருந்தியது, பட்டாளம் பொருந்தியது, மேளக்காரர் தோலைச் சூடு காட்டினார், எனக்கு அது போதுமாக இருந்தது.

பெங்களூர் அம்மாவுக்கு மறுபடி போன் செய்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அடக்கப் பதிவேட்டில் அதே பெயரைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அனுபவசாலி. போனைப் பிடித்துக்கொண்டே தேடினார். பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. பக்கத்தில் ஒரு லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான்.

இருந்தது. சாமுவேல், ஜோசப் கிரேஸ் தம்பதியின் மகன், எட்டு மாதக் குழந்தை. ஜுரம். அங்கேயே அடக்கம்.

பட்டாளத்து வீடுகளில் இது சகஜம் என்று நீங்கள் பாடமாகப் படித்திருப்பீர்கள். ஒரு பிள்ளை போய்விட்டால் அடுத்து வருகிற பிள்ளைக்கு அதே பெயரை வைப்பார்கள். நானும் படித்திருந்தேன். நான் செயலாளருக்கு அனுப்பியது வேனில் படுத்திருந்தவருடைய ஞானஸ்நானம் இல்லை. அவர் பிறப்பதற்கு முன்னாலேயே இறந்துபோன அவருடைய அண்ணனுடையது.

இப்போது நீங்கள் என் இடத்தில் உட்காருங்கள். வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. குழி திறந்திருக்கிறது. பெயர் சரி, பெற்றோர் சரி. செயலாளர் அந்த வருடத்தை ஆராய்ச்சி செய்யப்போவதில்லை. வாயைத் திறந்தால், அவர் கேட்டை மூடலாம். கிரேஸின் குழியை வெறுமனே மூடிவிடுவார்கள். சாமுவேல் திரும்பி மண்ணூர் சுடுகாட்டுக்குப் போவார், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. அந்த ஆள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் நான் கெடுத்தவனாவேன்.

இன்னொரு பக்கம், வாயை மூடிக்கொண்டால் அந்தப் பதிவு கல்லறைத் தோட்டத்து ஏட்டில் ஏறும். எட்டு மாதத்தில் போன பிள்ளை எழுபத்தெட்டு வயதுவரை பஸ் ஓட்டியதாக ஆகிவிடும். பிழைத்து வந்த பிள்ளை பிறக்கவே இல்லை என்றாகிவிடும். நாளைக்கு யாராவது தேடி வந்தால் என் கைவேலையைத்தான் ஆதாரம் என்று எடுத்துக்கொண்டு போவார்கள். இரண்டு பக்கமும் யோசித்தேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் யோசித்தது, இந்த வேனிலிருந்து இறங்கி ஏதாவது ஒரு கம்பெனி பஸ்ஸில் ஏறி ஓடிவிடலாமா என்பதைத்தான். வேன் நகராமல் நின்றது அதற்கு ரொம்ப வசதியாகவும் இருந்தது.

ஆனால் இது என்னுடைய அப்பா இல்லை. முடிவு செய்யவேண்டிய ஆள் முன்சீட்டில் இருந்தார். சொன்னேன். நடுவில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, தப்பு என்னுடையது என்பதிலிருந்து ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் வாயைத் திறந்தது ஏகாம்பரம்தான்.

"இன்னாய்யா, காலீல கண்டுபுடிச்சது பொழுது சாயறதுக்குள்ள காணாம பூடுச்சா? வண்டியத் திருப்பட்டுமா?"

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். ஜெயந்தி திரும்பவே இல்லை. வேன் இரண்டு வண்டி தூரம் நகர்ந்து மறுபடி நின்றது. பேசாமல் விட்டுவிடுங்கள் சார் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவேண்டும் என்றே ஆசைப்பட்டேன், பாரத்தை அவர் தலையில் இறக்கிவிட்டுப் போகலாமே.

அந்தக் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். எட்டு என்றேன்.

"அப்ப அவரு எனக்குப் பெரியப்பா."

பதில் எதிர்பார்க்கிற குரல் இல்லை அது. கொஞ்சம் கழித்துத்தான் திரும்பினார்.

"பெரியப்பா பேர்ல எங்கப்பாவ உள்ள விட வேணாம் சார். நீங்களே சொல்லிடுங்க. திருப்பி அனுப்பிட்டா மாமா சொன்ன எடத்துலயே வெச்சிக்கலாம்."

ஏகாம்பரம் என்னமோ சொல்ல வாயெடுத்தார். மருமகளின் முகத்தைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டிரைவரைச் சீக்கிரம் ஓட்டச் சொல்லி அதட்டினார். முன்னால் நூறு லாரி நிற்கும்போது அவன் எங்கே ஓட்டுவான்?

வழியெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டே வந்தேன். யுத்தம் முடிந்த பிறகு ஜோசப்பின் பட்டாளம் எங்கே இருந்தது? பிள்ளையை அங்கே தேடவேண்டும், பெங்களூரில் இல்லை. வீட்டில் பெங்களூர் என்று சொன்னதும் அந்த அண்ணனின் நினைவாகத்தான் இருக்கும். செகந்திராபாத் என்று எனக்குத் தோன்றியது. தோன்றி என்ன பயன், அங்கே எனக்குத் தெரிந்தவர் போனை எடுக்கவில்லை. உங்களில் சிலர் அந்தப் பதிவு கடைசியில் கிடைத்ததா என்று கேட்பீர்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செகந்திராபாத்தில்தான் இருந்தது, அடுத்த வாரம் கிடைத்தது. இந்தத் தடவை வருடத்தை மூன்று முறை படித்தேன், ஓரத்தில் இருந்த மைக்கறையைக்கூட விடவில்லை. ஆனால் அன்று அந்தக் கேட்டின் முன்னால் எங்கள் கையில் அது இல்லை. இருந்தது ஏகாம்பரத்தின் விரல் கதை மட்டும்தான்.

வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. செயலாளர் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, முதுகு வளையாத ஆள். உள்ளே மரத்தடியில் மண் குவித்திருந்தது தெரிந்தது. வெட்டியவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேனின் பின்கதவைத் திறக்க வந்த டிரைவரை நான் தடுத்தேன். செயலாளர் அதைக் கவனித்தார்.

அவர் முன்னால் போய் நின்றேன். அனுப்பிய பதிவு தப்பு என்று சொன்னேன். அது இவருடைய அண்ணனுடையது, எட்டு மாதத்தில் இறந்துவிட்டது, அதே பெயரை இவருக்கு வைத்திருக்கிறார்கள், இவருடைய பதிவு வேறு ஊரில் இருக்கவேண்டும், இன்னும் கையில் இல்லை. கவனிக்காமல் அனுப்பியது நான், இந்தப் பெண்ணுக்கு இப்போதுதான் தெரியும். இவருடைய தகப்பனார் விரல் இல்லாத கையால் இவரைத் தூக்கிப் பிடித்து ஞானஸ்நானம் கொடுக்கவைத்ததாக இவரே சொல்லிக்கொண்டிருந்தார் என்பதைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை.

செயலாளர் ஏகாம்பரத்தைப் பார்த்தார். நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு. நீங்கள் யார் என்று கேட்டார். செத்தவருக்கு மச்சான் என்றார் ஏகாம்பரம். விரல் கதை நிஜமா என்று கேட்டார் செயலாளர்.

"பொங்கலுக்குப் பொங்கல் கேட்டு காது புளிச்சிப் போச்சுங்க. கட்டைய அடுக்கிட்டு திருப்பி அனுப்பிட்டு வந்துக்கிறேன், பொய் சொல்றதுக்கா வந்தேன்?"

ஜெயந்தி வேனிலிருந்து இறங்கினார். கெஞ்சவில்லை. கையைக்கூடக் கூப்பவில்லை. திருப்பி அனுப்பினால் திரும்புவதற்குத் தயாராக, வேன் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். செயலாளர் வானத்தைப் பார்த்தார், மண் குவியலைப் பார்த்தார், வேன் கண்ணாடி வழியாகப் பெட்டியைப் பார்த்தார். எனக்குச் சொல்ல இன்னும் ஏதோ பாக்கி இருப்பதாகப் பட்டது. விதியை நான் மதிக்கிறேன், பதிவு எப்படியும் வந்துவிடும், நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று மளமளவென்று ஆரம்பித்தேன். அவர் உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"எனக்கும் செத்த அண்ணன் பேருதான், எறக்குங்க."